மலையக வீட்டுக்கு நாமே போடும் சோலார்: பேனல் வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

முதுகில் 550 வாட் என்று ஒட்டியிருக்கும் பேனல், ஜூலை மாத மப்பில் அட்டனில் 60 வாட் கொடுத்தால் பேனலைக் குறை சொல்ல முடியாது. அந்த 550 என்பது ஆய்வுகூடக் கணக்கு: ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயில், 25 பாகை செல்சியஸ் சூடு. நம் மலையில் அந்த இரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம். கீழ்நாட்டில் இருக்கும் மச்சான் வீட்டில் சரியாக ஓடும் செட்டை அப்படியே பார்த்து வாங்கி வந்து தலவாக்கலையில் மாட்டினால், மாட்டிய இரண்டாவது மழை வாரத்திலேயே மெழுகுவர்த்தி தேட வேண்டி வரும்.

இங்கே சொல்வது மின்சார சபையின் லைனோடு சேராத, பெட்டரி வைத்த சிறிய வீட்டு அமைப்பைப் பற்றி. கூரையில் செய்த கரண்டை சபைக்குக் கொடுத்துப் பில்லைக் குறைக்கும் திட்டம் வேறு. அதற்கு விண்ணப்பம், அனுமதி, இருவழி மீட்டர் எல்லாம் வேண்டும், நாமே செய்துகொள்ள முடியாது. அந்த வகையில் பெட்டரி இல்லாவிட்டால், லைனில் கரண்ட் போனதும் அதுவும் நின்றுவிடும். தலைக்கு மேல் வெயில் கொளுத்தினாலும் வீடு இருட்டுதான். கம்பத்தில் வேலை செய்பவரைக் காக்க வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது பலர் இதைத் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

முதலில் உங்கள் கெட்ட மாதம் எது?

தேயிலைக்காரர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. திம்புள்ளைப் பக்கம் நல்ல கொழுந்துக் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. தேயிலைக்கு வாசனை ஏற்றும் அந்த வறண்ட காற்றும் தெளிந்த வானமும்தான் பேனலுக்கும் நல்ல காலம். அதைத் திருப்பிப் பாருங்கள். அட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கத்துக்கு மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை, அதுதான் கெட்ட காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு நவம்பரிலிருந்து ஜனவரி வரை. நுவரெலியா இரண்டு மழையையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கும். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் நிரம்பினால் நாட்டுக்கே கரண்ட். அதே மேகம் உங்கள் பேனலைப் பட்டினி போடும்.

கணக்குக்கு ‘முழு வெயில் மணி’ என்ற அளவு போதும். காலையிலிருந்து மாலை வரை கூடிக் குறைந்து விழுந்த வெயிலையெல்லாம் சேர்த்து, அது எத்தனை மணி நேர உச்சி வெயிலுக்குச் சமம் என்று பார்ப்பது. வறண்ட சமவெளியில் இதை ஐந்து என்று வைத்துத் திட்டம் போடலாம். மலையகத்தில் நல்ல மாதத்துக்கு நான்கு, கெட்ட மாதத்துக்கு இரண்டரை, மூடுபனி இறங்கி நாள் முழுக்க ஏறாத நாளுக்கு ஒன்று என்று வையுங்கள். கடைக்காரர் ஐந்து என்றுதான் கணக்குப் போட்டுக் கொடுப்பார். அவர் கடை கொழும்பில் இருக்கிறது.

ஒரு வாரம் செலவு செய்து நிழலையும் குறித்துக்கொள்ளுங்கள். பேனல் வைக்க நினைக்கும் இடத்தில் காலை 8, 10, 12, பின்னேரம் 2, 4 மணிக்கு நின்று, வெயில் விழுகிறதா, எந்த மலை மறைக்கிறது, எந்தச் சவுக்கு மரத்தின் நிழல் வருகிறது என்று எழுதுங்கள். பள்ளத்தாக்கு லயங்களில் எதிர்மலை மாலை 4 மணிக்கே சூரியனை விழுங்கிவிடும். அது பரவாயில்லை, எப்படியும் நம் ஊரில் பாதி நாள் மத்தியானத்துக்குப் பிறகு மேகம்தான். காலை 9 முதல் 1 வரை விழும் நிழல்தான் ஆளைக் கொல்லும். பேனலின் ஒரு மூலையில் மட்டும் நிழல் விழுந்தால் போகட்டும் என்று விடாதீர்கள். உள்ளே செல்கள் வரிசையாகக் கோர்க்கப்பட்டிருப்பதால் ஒரு கை அகல நிழல் பேனலின் மூன்றில் ஒரு பங்கை நிறுத்திவிடும்.

வீட்டின் செலவு

ஒரு சின்ன வீட்டை எடுத்துக்கொள்வோம். 9 வாட் எல்.இ.டி. பல்ப் ஐந்து, ஐந்து மணி நேரம்: 225 வாட்-மணி. 32 அங்குல டீவி 50 வாட், நான்கு மணி நேரம்: 200. ரவுட்டர் 10 வாட், 24 மணி நேரமும்: 240. நான்கு போன் சார்ஜ்: 60. பிள்ளையின் லெப்டொப் 50 வாட், மூன்று மணி நேரம்: 150. மொத்தம் 875. இத்தோடு எழுதி முடித்துவிட்டால் அங்கேதான் தவறு. பெட்டரிக் கரண்டை வீட்டுக்கான 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர், சும்மா ஓன் செய்து வைத்திருந்தாலே கரண்ட் குடிக்கும். நல்ல 1 கிலோவாட் இன்வெர்ட்டருக்கு 15 வாட் என்று வைத்தாலும் நாளுக்கு 360. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 5 கிலோவாட் இன்வெர்ட்டர் வாங்குபவர்களுக்கு இது 50 வாட் வரை போகும், நாளுக்கு 1.2 யூனிட் (1200 வாட்-மணி), வீட்டின் மொத்தச் செலவை விடக் கூட. ஆக நமக்கு 875 உடன் 360, மொத்தம் 1235 வாட்-மணி.

வயர், கொன்ட்ரோலர் (பேனலிலிருந்து பெட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி), பெட்டரி, பேனலின் அழுக்கு என்று வழியில் கால்வாசி போகும். 1235ஐ 0.75ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1650. அதைக் கெட்ட மாதத்தின் இரண்டரை மணியால் வகுத்தால் 660 வாட். 550 வாட் பேனல் ஒன்று போதாது, இரண்டு வேண்டும்.

குளிரூர் ஆட்களுக்கு ஆசை வருவது சுடுதண்ணிக்கு. குளிக்கும் ஹீட்டர் 3500 வாட், கேத்தல் 2000 வாட், அயன் 1000 வாட். இவற்றை இந்த அமைப்பில் சேர்க்காதீர்கள். தண்ணீர் சூடாக்க விறகடுப்போ காஸோ லைன் கரண்டோ இருக்கட்டும். ஃபிரிஜ் சேர்க்கலாம், அது நாளுக்கு ஒரு யூனிட் என்று வையுங்கள். அப்போது கணக்கு 1200 வாட்டுக்குப் போய், பேனல் மூன்றாகவும் பெட்டரி இரட்டிப்பாகவும் மாறும். நுவரெலியாவில் இருப்பவர் ஃபிரிஜ் தேவையா என்று இன்னொரு தரம் யோசிக்கலாம்.

பேனலைக் கூட்டுவதா, பெட்டரியைக் கூட்டுவதா?

மழை நாளைக்கு என்று பெரிய பெட்டரி வாங்குவதுதான் புதியவர்கள் வழமையாகச் செய்யும் பிழை. கணக்கைப் பாருங்கள். 25.6 வோல்ட் 100 அம்பியர்-மணி லித்தியம் பெட்டரி (இரும்பு பொஸ்பேட் வகை) ஒன்று 2560 வாட்-மணி. 80 சதவீதம் பாவித்தால் 2048, இன்வெர்ட்டர் இழப்புப் போக 1840 அளவில் கைக்கு வரும்.

இரண்டு பேனலும் ஒரு பெட்டரியும்: மூடுபனி நாளில் 1100 வாட் × 1 மணி × 0.75, அதாவது 825 வரும். தேவை 1235. நாளுக்கு 410 குறைகிறது. பெட்டரி நாலு நாள் தாங்கும். பிறகு இரண்டரை மணி வெயில் கிடைக்கும் சுமாரான நாள் ஒன்று வந்தால் 2060 வரும், செலவு போக 800க்கு மேல் மிச்சம் பெட்டரிக்குப் போகும்.

ஒரு பேனலும் இரண்டு பெட்டரியும்: மூடுபனி நாளில் 412 தான் வரும், நாளுக்கு 823 குறைகிறது. இதுவும் நாலு நாள் தாங்கும், சமம் போலத் தெரியும். ஆனால் சுமாரான நாளில் வருவது 1030, செலவோ 1235. ஒருமுறை இறங்கிய பெட்டரி அந்தப் பருவமழை முடியும் வரை நிரம்பவே நிரம்பாது. பாதி நிரம்பிய பெட்டரி இரண்டும் மூலையில் கிடக்கும். மலையில் காசு இருந்தால் இன்னொரு பேனலுக்குப் போடுங்கள்.

லித்தியத்துக்குக் கட்டாது என்றால் ஈய-அமிலப் பெட்டரி எடுக்கலாம். ஆனால் அதில் பாதிதான் பாவிக்க வேண்டும், ஆகவே ஏறத்தாழ அதே வேலைக்கு 12 வோல்ட் 150 அம்பியர்-மணிப் பெட்டரி இரண்டு தொடராக (ஒன்றின் நேர் முனை மற்றதன் எதிர் முனைக்கு) வேண்டும். ஆழமாக இறக்கி ஏற்றும் ‘டீப் சைக்கிள்’ வகையாகப் பாருங்கள். லொறி, வேன் பெட்டரி வேண்டாம்: அது ஸ்டார்ட் செய்ய ஒரு நொடி பெரிய கரண்ட் கொடுக்கச் செய்தது, தினமும் பாதி இறக்கினால் சில மாதத்தில் முடிந்துவிடும். ஈய-அமிலம் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில், பிள்ளைகள் படுக்கும் இடத்தில், விறகடுப்புக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. இஸ்தோப்பில் காற்றோட்டமான, பூட்டு போட்ட பெட்டியில் வையுங்கள். குளிருக்கு அதன் சார்ஜ் வோல்ட்டைக் கூட்ட வேண்டும். வெப்ப உணரி வயர் வரும் கொன்ட்ரோலர் அதைத் தானே செய்யும், அந்த வயரைப் பெட்டரியோடு ஒட்ட மறந்துவிடாதீர்கள். லித்தியத்துக்குத் தடை வேறு: பூச்சியம் பாகைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழும் நுவரெலியாவில் வெளிப்பெட்டியில் வைத்தால் விடியற்காலையில் பெட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் சுற்று சார்ஜை வெட்டிவிடும். வீட்டுக்குள் வைத்தால் அந்தத் தொல்லையே வராது. இரண்டு வகையையும் சீமெந்துத் தரையில் நேராக வைக்காமல் பலகை மேல் வையுங்கள், ஈரம் ஏறும்.

வாங்கும்போது தூக்கிப் பாருங்கள். 25.6 வோல்ட் 100 அம்பியர்-மணி லித்தியம் பெட்டரி 20 கிலோவுக்குக் குறையாது. பத்து, பன்னிரண்டு கிலோ இருந்தால் உள்ளே சரக்கு இல்லை.

குளிர் செய்யும் வேலை: கொன்ட்ரோலர்

இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள், இங்கேதான் காசு எரிகிறது. ஒரு 550 வாட் பேனலின் முதுகில் திறந்த சுற்று வோல்ட் (எதனோடும் இணைக்காதபோது வருவது) 49.8 என்று இருக்கும். இரண்டைத் தொடராகக் கோர்த்தால் 99.6. ‘100 வோல்ட் எம்.பி.பி.டி. கொன்ட்ரோலர் (பேனலின் உச்ச வாட்டைத் தேடி எடுக்கும் வகை) போதும், 0.4 வோல்ட் மிச்சம்’ என்று வாங்கி மாட்டுவார்கள். ஆனால் 49.8 என்பது 25 பாகைக்கு. குளிரக் குளிரப் பேனலின் வோல்ட் ஏறும், பாகைக்கு ஏறத்தாழ 0.27 சதவீதம். விடியற்காலை 5 பாகையில் சூரியன் முதல் கதிரை விடும்போது 20 பாகை வித்தியாசம், 5.4 சதவீதம், பேனலுக்கு 52.5, இரண்டுக்கும் 105 வோல்ட். கொன்ட்ரோலர் செத்துவிடும். உத்தரவாதமும் கிடையாது, ஏனென்றால் கூடிய வோல்ட் ஏறியதை அது பதிந்து வைத்திருக்கும். கீழ்நாட்டில் இதே இணைப்பு வருடக்கணக்கில் தப்பிக்கலாம்.

ஆகவே 150 வோல்ட் தாங்கும் எம்.பி.பி.டி. எடுங்கள். அம்பியர் அளவு: 1100 வாட்டை 26 வோல்ட்டால் வகுத்தால் 42. எனவே 45 அல்லது 50 அம்பியர். விலை குறைந்த பி.டபிள்யூ.எம். வகை இந்தப் பேனலுக்குப் பொருந்தாது. 41 வோல்ட்டில் ஓட வேண்டிய பேனலைப் பெட்டரியின் 26 வோல்ட்டுக்கு இழுத்து வைத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீணாக்கும்.

‘அப்படியானால் சமாந்தரமாகவே (நேரோடு நேர், எதிரோடு எதிர்) கோர்த்துவிடலாமே’ என்றால் வயர் கேட்கும். கூரையிலிருந்து கொன்ட்ரோலர் வரை 15 மீட்டர், 4 சதுர மில்லிமீட்டர் சோலார் வயர் என்று வையுங்கள். தொடரில் 13 அம்பியர் ஓடும், 1.7 வோல்ட் இழப்பு, 83 வோல்ட்டில் அது 2 சதவீதம். சமாந்தரத்தில் 26 அம்பியர், 3.4 வோல்ட் இழப்பு, 42 வோல்ட்டில் 8 சதவீதம். தொடர்தான் சரி.

மற்றச் சாமான்கள்

இன்வெர்ட்டர் 24 வோல்ட், 1 கிலோவாட், சபை லைன் போலச் சீரான அலை தரும் ‘பியூர் சைன்’ வகை. விலை குறைந்த மற்ற வகையில் டீவி இரையும், மோட்டார் உள்ள சாமான் சூடேறும். பெட்டியில் 1000 வாட் என்று போட்டிருப்பது தொடர்ந்து கொடுக்கும் அளவா, ஒரு நொடிக்கு மட்டும் தாங்கும் அளவா என்று பாருங்கள்.

பெட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்கு 25 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர், ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம். பெட்டரியின் நேர் முனையிலேயே, ஒரு சாண் தூரத்துக்குள், 80 அம்பியர் பியூஸ். கொன்ட்ரோலருக்கும் பெட்டரிக்கும் இடையே 16 சதுர மில்லிமீட்டர் வயர், 63 அம்பியர் டி.சி. பிரேக்கர் (டி.சி. என்பது பேனலும் பெட்டரியும் தரும் ஒரே திசைக் கரண்ட்). பேனல் பக்கம் 20 அம்பியர் இருமுனை டி.சி. பிரேக்கரும், டி.சி.க்கான இடி தடுப்பான் ஒன்றும். பிரேக்கரில் ‘டி.சி.’ என்று எழுதியிருக்க வேண்டும். வீட்டு லைனின் ஏ.சி. (திசை மாறி மாறி ஓடும் கரண்ட்) பிரேக்கர் உருவத்தில் அதே மாதிரிதான், ஆனால் ஏ.சி. நொடிக்கு நூறு தரம் பூச்சியத்தைத் தொட்டுவிட்டுப் போவதால் பொறி தானாக அணையும், டி.சி. தொடாது, பொறி எரிந்துகொண்டே இருந்து பிளாஸ்டிக்கை உருக்கும். ஹார்ட்வெயார் கடையில் ‘இதுவும் ஓகே’ என்பார்கள். ஓகே இல்லை.

வீட்டுப் பக்கம் 230 வோல்ட். அந்தப் பகுதியைத் தெரிந்த வயரிங் பாஸிடம் கொடுங்கள். சோலார் லைனும் சபை லைனும் ஒரே வயரிங்கில் வருவதாக இருந்தால் நடுவில் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம்: ஒன்று இருந்தால் மற்றது இருக்காது. இன்வெர்ட்டரின் வாயை ஒரு பிளக்கில் செருகி வீட்டுக்குக் கரண்ட் விடும் குறுக்கு வழி, மண்சரிவில் அறுந்த லைனைக் கட்ட வந்தவரின் உயிரை எடுக்கும்.

எர்த் நம் ஊரில் ஒரு தலைவலி. கம்பியை நாலடி அடித்தால் இரண்டாவது அடியில் கருங்கல். வேறு இடம் பாருங்கள், அல்லது பீலிக்கரை போல எப்போதும் ஈரமான மண்ணில் செப்புப் பட்டையைக் கிடையாகப் புதையுங்கள். பேனல் சட்டம், ரெயில் எல்லாவற்றையும் 6 சதுர மில்லிமீட்டர் பச்சை-மஞ்சள் வயரால் கோர்த்து வீட்டின் எர்த்தோடு ஒன்றாக்குங்கள். பேனலுக்குத் தனி எர்த், வீட்டுக்குத் தனி எர்த் என்று விட்டால் ஏப்ரல், ஒக்டோபர் இடிக்காலத்தில் இரண்டுக்கும் இடையில் ஏறும் வோல்ட் இன்வெர்ட்டர் வழியாகத்தான் பாயும்.

கூரை

லயத்துக் கூரை என்றால் முதல் வேலை தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி எடுப்பது. கூரை அடுத்த காம்பராவோடு ஒட்டியது, ஒழுகினால் அவர்களுக்கும் ஒழுகும். அவர்களிடமும் ஒரு வார்த்தை.

பேனல் ஒன்று 28 கிலோ, 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம். ரெயிலோடு இரண்டும் 70 கிலோ வரும். பழைய சட்டத்தை ஆணியால் குத்திப் பாருங்கள், ஆணி சுலபமாக இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. ரெயிலின் கால் ரீப்பரில் நிற்கக் கூடாது, கீழே உள்ள பெரிய சட்டத்தில் போல்ட் பிடிக்க வேண்டும். தகரத்தில் துளை எப்போதும் மேட்டில். பள்ளத்தில் போட்டால் அந்த வழியாகத்தான் தண்ணீர் ஓடும். ரப்பர் வொஷர் உள்ள ஸ்குரு போடுங்கள். அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் மேலே ஏறாதீர்கள், துளைக்கவும் வேண்டாம்: உடையும், அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு.

பேனல் கூரையின் சரிவோடு ஒட்டிக் கிடக்கட்டும், அடியில் 10 சென்டிமீட்டர் காற்றுக்கு. அதைத் தனியாக நிமிர்த்திக் கட்டினால் ஜூலையில் ஹப்புத்தளைக் காற்று பாய்மரமாக எடுத்துக்கொண்டு போகும். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகையில்தான் இருக்கிறோம், சரிவு பத்துப் பாகை இருந்தால் மழையே பேனலைக் கழுவும். தெற்கு நல்லது. ஆனால் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பக்கமும் கூரை இருந்து, உங்கள் ஊரில் பின்னேரம் மேகம் கட்டும் என்றால் கிழக்கை எடுங்கள். விறகடுப்புப் புகைபோக்கிக்குக் காற்று வாக்கில் வைக்காதீர்கள். கரி படிந்தால் மழை கழுவாது, சவர்க்காரத் தண்ணீரும் துணியும்தான்.

கூரை நம்பிக்கை தராவிட்டால் மரக்கறித் தோட்ட ஓரத்தில் நிலத்தில் நிறுத்தலாம். இரண்டு அங்குல ஜி.ஐ. குழாய் நாலு, இரண்டடி ஆழத்தில் கொங்கிரீட். வெட்டிய மண்மேட்டின் விளிம்பில் மட்டும் வேண்டாம்.

இணைக்கும் ஒழுங்கு

எல்லாப் பிரேக்கரும் ஓஃப். முதலில் பெட்டரியைக் கொன்ட்ரோலருக்கு. அது 24 வோல்ட் என்று அடையாளம் கண்டதும் பெட்டரி வகையை லித்தியம் என்று மாற்றி, சார்ஜ் 28.4, மிதப்பு (நிரம்பிய பின் பிடித்து வைக்கும் வோல்ட்) 27, சமப்படுத்தல் (ஈய-அமிலத்துக்கான கூடுதல் சார்ஜ்) ஓஃப் என்று வையுங்கள். பேனல் வயரை மல்டிமீட்டரில் பாருங்கள்: வெயிலில் 90 முதல் 105 வரை வர வேண்டும், சிவப்பு முனையில் நேர். எண்ணுக்கு முன் கழித்தல் குறி வந்தால் எங்கோ மாறியிருக்கிறது. சரியென்றால் பேனல் பிரேக்கரை ஓன் செய்யுங்கள். கடைசியில் இன்வெர்ட்டர். கழற்றும்போது தலைகீழாக: முதலில் பேனல், கடைசியில் பெட்டரி. பெட்டரி இல்லாமல் பேனல் மட்டும் இருந்தால் கொன்ட்ரோலர் எரியலாம். வெயிலில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் வயர்களைக் கோர்க்கும் எம்.சி.4 கனெக்டரை இழுக்காதீர்கள், கையில் பொறி பறக்கும்.

வேலை செய்யாதபோது

வோல்ட் இருக்கிறது, கரண்ட் வரவில்லை: பெட்டரி நிரம்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் எம்.சி.4 சரியாகக் கடிக்கவில்லை. வெவ்வேறு கம்பனிக் கனெக்டரை ஒன்றோடு ஒன்று செருகினாலும் இப்படித்தான், போகப் போகச் சூடேறி உருகும். மதியம் நிரம்பிய பெட்டரி இரவு ஒன்பதுக்கே இறங்கினால், யாரோ கேத்தல் போட்டிருக்கிறார்கள், அல்லது பெட்டரி விற்றவர் ஏமாற்றிவிட்டார். எல்லாவற்றையும் கழற்றி ஒரு பல்ப் மட்டும் விட்டு எத்தனை மணி ஓடுகிறது என்று எண்ணுங்கள். பாரம் ஏறியதும் இன்வெர்ட்டர் கத்தினால் பெட்டரி முனை தளர்ந்திருக்கும், தொட்டால் சுடும். மூடுபனி விலகும் நிமிடத்தில் மீட்டர் இரண்டு பேனலுக்கும் 1100 வாட்டுக்கு மேலே காட்டினால் பயப்பட வேண்டாம், மேகத்தின் விளிம்பு வெயிலைத் தெறித்துக் கொடுக்கிறது. பேனல் பிரேக்கரை 13க்கு அல்லாமல் 20 அம்பியருக்குப் போட்டது அதற்கும் சேர்த்துத்தான்.

வயர் பெட்டிக்குள் நுழையும் இடம் எப்போதும் அடிப்பக்கம், நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். இல்லாவிட்டால் பனி ஈரம் வயர் வழியே வடிந்து உள்ளே போகும். பல்லியும் எறும்பும் சூட்டுக்கு இன்வெர்ட்டருக்குள் குடி வரும், காற்றுத் துளைகளுக்கு நுளம்பு வலை ஒட்டுங்கள், ஆனால் மாதம் ஒருமுறை தூசி தட்ட வேண்டும். பேனலின் கீழ் விளிம்பில் பாசி பிடிக்கிறதா என்று மழைக்காலம் முடிந்ததும் பாருங்கள். காலையில், பேனல் சூடேறும் முன் கழுவுங்கள்.

80 அம்பியர் பியூஸ் இரண்டு கூடுதலாக வாங்கி, அதற்கான சாவியோடு ஒரு தகர டப்பாவில் போட்டுப் பெட்டரிப் பெட்டிக்கு மேலேயே வையுங்கள். அது எரிவது மழை இரவில்தான், டவுனில் கடை திறப்பது காலை ஒன்பதுக்கு.